பன்னிரண்டில் பதினொன்று

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். என் மூக்கும் நலம், அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய நிலைக்கு நீ என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய், ஏன் என்று பின்னால் வருகிறது, கடிதத்தை மூடி வைக்காமல் படி. நீ போட்டுக்கொண்டிருந்த கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது, அளவு எனக்குப் பொருத்தம், அதைப் பற்றியும் ஒரு பேச்சு இருக்கிறது. மாடிக் குழாய் ஒழுகுவதை அப்பா மூன்று நாள் ஏணியில் நின்று சரிசெய்தார், நாலாம் நாள் குழாய்க்காரர் வந்து அப்பா செய்ததையெல்லாம் பிரித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் இருபத்தாறு வருடம் குடுவை கழுவியது உனக்குத் தெரியும், ஆனால் ஓய்வுக்குப் பிறகு ருசி பார்க்கும் குழுவில் சேர்ந்ததை மட்டும் நீ ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டாய். சும்மா தின்னவா போகிறேன்? ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து எந்தக் கிண்ணம் என்று கேட்டு, பரீட்சை வைத்துத்தான் எடுத்தார்கள். இந்த வருடம் பண்ணை ஆராய்ச்சிக்காரர்கள் உருவாக்கிய புதுத் தானியத்தின் மாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் செய்திருக்கிறார்கள், ஒரு கம்பெனி அதைப் பெரிய அளவில் தயாரிக்கக் காத்திருக்கிறது. நாள்பட்டால் கெடுமா என்று பார்க்கச் சூடான அலமாரியில் அடுக்கி வைத்து வாராவாரம் எங்கள் பத்துப் பேருக்கும் தருவார்கள், பலகை அடித்த சின்னத் தடுப்புக்குள் தனித்தனியாக உட்கார்ந்து, முகர்ந்து, மென்று, தாளில் எழுத வேண்டும். ஏழாவது வாரம் எனக்குக் காறல் வாடை அடித்தது, பழைய எண்ணெய் காறிப்போனால் வருமே அதே வாடை, விழுங்கிய பிறகுதான் தொண்டையில் தெரிகிறது. ‘உண்டு’ என்று எழுதினேன். எட்டாவது வாரமும் உண்டு என்றே எழுதினேன். மற்ற ஒன்பது பேரும் ‘இல்லை’.

பேராசிரியர் கூப்பிட்டார், உனக்குப் பாடம் நடத்தியவர்தான். மெதுவாகத்தான் சொன்னார், “வயசாச்சில்லையாம்மா, காய்ச்சல் வேற வந்துட்டுப் போச்சு, மூக்கு முன்ன மாதிரி இல்லன்னு உங்க பொண்ணே போன் பண்ணிச் சொல்லுச்சு, நீங்க வீட்டுல ஓய்வா இருங்க” என்று. அந்நியர் சொன்னால் சண்டை போடலாம், பெற்ற பெண் சொன்னதாகச் சொன்னால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நீ ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே வேலை போனால் அம்மா தானாக விமானம் ஏறி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அதற்கு என் மூக்கையா அறுப்பாய்?

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “சார், என் வயசைப் பாக்காதீங்க, என்னைச் சோதிச்சுப் பாருங்க” என்றேன். சரி என்று மூன்று கிண்ணம் வைத்தார்கள், இரண்டில் புது பிஸ்கட், ஒன்றில் அலமாரி பிஸ்கட், எது வேறு என்று சொல்ல வேண்டும், அப்படிப் பன்னிரண்டு முறை. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னால் நாலு சரியாக வரும். நான் பதினொன்று சரியாகச் சொன்னேன். ஒன்பதாவது முறை தவறிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லக் குடும்பத்தில் ஒருத்தி போதும்.

அந்த பிஸ்கட் ஆய்வு பேராசிரியரிடம் படிக்கும் ஒரு பெண்ணுடையது, முகம் வெளிறி நின்றாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பள்ளிப் பிள்ளைகள் நம்மைப் போலத் தாளில் எழுதித் தரமாட்டார்கள், ஒரு கடி கடித்துவிட்டுத் தூர எறிவார்கள். குழாயடியில் கை கழுவும்போது அடுத்த தடுப்பில் உட்காரும் தையற்காரி காதோடு காதாக, “எனக்கும் அந்த வாடை அடிச்சுதுக்கா, கம்பெனிக்காரங்க வெளிய உக்காந்திருந்தாங்களா, எதுக்கு வம்புன்னு இல்லன்னு எழுதிட்டேன்” என்றாள். வம்பு வேண்டாம் என்றால் வாயை வாடகைக்கு விடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் ஆறு பேர் ‘உண்டு’ என்று எழுதினார்கள். இப்போது மாவு காறாமல் இருக்கத் தானியத்தை ஆவியில் காட்டி அரைத்து முதலிலிருந்து செய்கிறார்கள், திங்கட்கிழமை எனக்கு முதல் கிண்ணம். அந்தப் பெண்ணே வந்து கூப்பிட்டாள்.

ஆகவே, வயதாகிவிட்டது, மூக்கு போய்விட்டது, எங்களோடு வந்து இரு என்று நீ கூப்பிட்டால் நான் வரமாட்டேன். அப்பாவும் வரமாட்டார், நாற்பது வருடமாக ஒரு சிகரெட்டைக்கூட என் மூக்குக்கு மறைக்க முடியாத மனிதர், அவருக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். கம்பளிச் சட்டையை இரண்டு தடவை துவைத்துத்தான் அனுப்பியிருக்கிறாய், சோப்பு வாசனைக்கு அடியில், ஒரு பக்கத் தோளில் வலித் தைலம் ஊறிக் கிடக்கிறது. ஒருநாள் தடவியது அப்படி ஊறாது. எத்தனை மாதமாக வலி? போனில் ஒருதடவையாவது சொன்னாயா? உனக்கு நான் வேண்டும் என்றால் எனக்கு நீ வேண்டும் என்று கேள், என் மேல் பழி போடாதே. அப்படிக் கேட்டால் திங்கட்கிழமைக் கிண்ணத்தை வைத்துவிட்டு அடுத்த விமானத்தில் வருவேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னது பொய் என்று நீயே சொல்லிவிடு, அது உன் வேலை. பதில் எழுதும்போது எந்தத் தோள் என்று மறக்காமல் எழுது. எனக்குத் தெரியும், நீ உண்மை சொல்கிறாயா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்.

எல்லா வாடையும் தெரிகிற,
உன் அம்மா