மூன்று மூலை நல்லது, ஒரு மூலை அடி

அன்பு மகள் ரஹஃபுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் பாபாவும் இங்கே அம்மான் நகரில் சுகம். நார்வே குளிரில் உன் சளி குறைந்ததா, கம்பளிக் காலுறை போடுகிறாயா? கார்ச் சந்தையிலிருந்து நான் கூப்பிட்டபோது, அடிபட்ட வண்டியை வாங்கித் தொலைக்காதே என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டாய். திருப்பிக் கூப்பிட்டால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்க வாசி.

இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதமாக உன் பாபா வாசல் கேட்டைத் தாண்டவில்லை, உனக்கே தெரியும். டாக்ஸி கூப்பிட்டால் இரண்டு பேர் பிடித்து ஏற்ற வேண்டும், "நான் என்ன அரிசி மூட்டையா" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். காபிக் கடைச் சிநேகிதர்களும் எத்தனை நாள்தான் வீட்டுக்கு வந்து சீட்டாடுவார்கள், வருவது நின்றுவிட்டது. அதனால்தான் நானே ஒரு பழைய வண்டி வாங்கி ஓட்டுவது என்று உன் மாமா ஸுஹைரை இழுத்துக்கொண்டு ஸர்க்கா சந்தைக்குப் போனேன். விற்கிற அபூ ரஅத், "டாக்டரம்மா ஓட்டின வண்டிங்க, வீடு விட்டா ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்" என்றான். அந்தச் சந்தையில் எல்லா வண்டியும் டாக்டரம்மா ஓட்டியதுதான், அப்புறம் நோயாளிகளை யார் பார்த்தார்களோ. பரிசோதனை நிலையத்தில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், அந்தச் சேஸிஸின் நாலு மூலையையும் பார்த்து, மூன்று நல்லது, பின்பக்கம் இடது மூலை அடி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்துப் பின்கதவும் திறக்காது. பரிசோதித்தவர் "ஒழுங்காத்தான் நிமிர்த்தியிருக்காங்க, ஓட்டலாம், ஆனா பறக்காதீங்கம்மா" என்றார். ஸுஹைர் மட்டும், "அக்கா, அடி அடிதான், வேணாம்" என்று ஒற்றைக் காலில் நின்றான். "உன் மச்சானுக்கும் இடது பக்கம்தான்டா அடி, அவரோட நான் குடும்பம் நடத்தலையா" என்று கேட்டேன், சிரிக்கவே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன்.

சரி, வீடு வரை விடுகிறேன் என்று அபூ ரஅத் அதே வண்டியில் எங்களைக் கொண்டுவந்து இறக்கினான். கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் பாபா, "எந்தக் குப்பைமேட்டுல பொறுக்கினீங்க இதை" என்று திட்டிக்கொண்டே ஊன்றுகோலோடு வந்து சுற்றிப் பார்த்தார். முன்கதவைத் திறந்து, டாக்ஸியைவிட உயரமாக இருந்த சீட்டை அமுக்கிப் பார்த்தார், திரும்பி உட்கார்ந்தார். இடது காலைத் தன் கையாலேயே எடுத்து உள்ளே வைத்தார், பிறகு வலது கால். யாரும் தொடவில்லை ரஹஃப், கதவையும் அவரே சாத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "காபிக் கடைக்குப் போகணும், ஏறு, என்ன நின்னுக்கிட்டிருக்கே" என்றார். அப்புறம் எந்த மூலையைப் பற்றி யாரிடம் கேட்பது, வாங்கிவிட்டேன். இப்போது தினமும் எனக்கு முன்னால் வண்டியில் போய் உட்கார்ந்துவிடுகிறார், ஓட்டுவது நான், குறை சொல்வது அவர்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. இறைவன் உன்னைக் கண்போலக் காக்கட்டும். போன தடவை உன்னை வழியனுப்ப வரமுடியவில்லை என்று கட்டிலில் கிடந்து உன் பாபா அழுததை நான் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. பெருநாளுக்கு நீ வரும்போது விமான நிலையத்துக்கு அவரும் வருகிறார். பறக்க மாட்டோம், மெதுவாகத்தான் வருவோம். நீ இறங்கும்போது எங்களைக் காணவில்லை என்றால் டாக்ஸி பிடித்துவிடாதே, நில்லு, வந்துவிடுவோம்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா நவால்