வாடை போய்விட்டது என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நலம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். நீயும் அப்படி இருப்பாய்.

உன் கடிதத்தைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பூமிக்கு அடியிலிருந்து வரும் நீராவியில் மின்சாரம் எடுக்கிறார்கள், ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் டெக்னீசியனாக நிரந்தரம் செய்வார்கள் என்றேன். வெந்நீர் வைக்கவா அண்ணி அவ அவ்வளவு தூரம் போனா என்று சிரித்தார். பிறகு அவரே, டிப்ளமோ படிச்சவங்களுக்கு இங்க வேலை என்ன கொட்டியா கிடக்கு, பம்பும் வால்வும் தெரிஞ்சா அங்க விட மாட்டாங்க, பூமிச் சூடு இப்போதைக்கு ஆறப்போறதில்ல, நிரந்தர வேலைக்கான ஒப்பந்தத்துல கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க என்றார். தலையாட்டினேன். அப்பா போன இந்த ஐந்து மாதமாக எதற்கும் தலையாட்டுகிறேன். அவர் சட்டைகளை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். எந்தச் சட்டை என்றுகூடப் பார்க்கவில்லை. தேறிட்டா என்கிறார்கள்.

இரண்டாம் பக்கத்தைச் சித்தப்பாவுக்குப் படிக்கவில்லை. முதல் வாரம் அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது, இப்போது வாடையே போய்விட்டது, பழகிடுச்சும்மா என்று எழுதியிருந்தாய். விஷவாயு வந்தால் கத்துவதற்காகச் சட்டையில் மாட்டும் மீட்டர் குனிந்தால் குத்துகிறது, இரண்டு நாள் லாக்கரிலேயே விட்டுவிட்டேன் என்றும்.

உனக்குச் சொல்லாத ஒன்று. அப்பா அந்தக் கழிவுத் தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் விளிம்பில் உட்கார்ந்திருந்தாராம். கூட இருந்த வெல்டர் வந்து சொன்னார். வாடை போயிடுச்சுடா, பம்பைப் பாத்துட்டு வந்துடுறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாராம். அங்கேயும் அதே அழுகின முட்டை வாயுதான், அது போகவில்லை. மூக்கு மரத்துப் போயிருந்தது. காரியத்துக்கு நீ வந்திருந்த நாட்களில் சொன்னால் திரும்பிப் போக மாட்டாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேலையை விடச் சொல்லவில்லை. விட்டுவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வாய். ஆனால் கையெழுத்துப் போடும் முன்னால் உன் பயிற்சியாளரிடம் நீயே போய், இரண்டு நாள் மீட்டர் இல்லாமல் வேலை செய்தேன் என்று சொல். திட்டட்டும். ஆறு மாதத்தை ஒன்பதாக்கட்டும். வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும். அதன் பிறகும் வேலையில் வைத்துக்கொண்டால் கையெழுத்தைப் போடு.

அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது. அப்பாவைக் கொண்டு வந்து கிடத்தியபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். நெடுநாள் இருக்க வேண்டும். பதிலில் நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உன் பயிற்சியாளர் என்ன சொன்னார் என்பதை முதல் வரியில் எழுது.

உன் அம்மா