தோஅலுவா

ஜூன் 3
அப்பா கிளம்பிவிட்டார். பசிபிக் தீவு மொழிகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறாராம். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொற்கள் பற்றி. மாவோரியில் ‘தே’, சமோவனில் ‘லே’, ஹவாய் மொழியில் ‘கா’ — எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தால்தான் வேலை ஓடுமாம்.

“முடிஞ்சதும் ஓடி வந்துடுவேன்டா கண்ணு.”

அம்மா தேமேன்னு நின்றாள். “‘தே’ அப்பாவோடது. ‘மே’ யாரோடதும்மா?” என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஜூன் 20
கட்டுரை முடியவில்லை.

ஜூலை 2
போனில் அப்பா குஷியாக இருந்தார். சமோவனில் ‘லே’ வந்தால் குறிப்பிட்ட ஒன்று; ‘செ’ வந்தால் ஏதோ ஒன்று. அப்புறம் எண்ணிக்கை. பொருள் இரண்டு என்றால் ‘எ லுவா’. ஆள் இரண்டு என்றால் ‘தோஅலுவா’.

“நம்ம ‘ரெண்டு பேர்’ மாதிரி. கட்டினவளையும் கட்டினவனையும் சொல்றதுக்கும் அதே வார்த்தைதான்.”

“அலுவாவா? யாருக்குப்பா அல்வா குடுக்கறீங்க?”

“வாய அடக்கு.” வைத்துவிட்டார்.

இவ்வளவு சப்பை ஜோக்குக்கா இவ்வளவு கோபம்?

ஜூலை 10
தோழியின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, “சார், மக்கள்தொகை கணக்கெடுப்பு. வீட்ல எத்தனை பேர்?”

ஒருத்தர் என்பார். “தப்பு சார், மூணு பேர். வீட்டுக்கு வந்து எண்ணிப் பாருங்க” என்று மூக்கை விடுவதாகத் திட்டம்.

“ரெண்டு பேர்.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “யாருங்க போன்ல?”

அந்த ‘ங்க’. அம்மா கூப்பிடுகிற அதே ‘ங்க’.

மூக்கை விடவில்லை. “பிள்ளைங்க?”

“ஒரு பொண்ணு இருக்கா. இங்க இல்ல.”

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

ஜூலை 11
‘ஒரு பொண்ணு’. பாழாய்ப்போன தமிழில் லேயும் ஒருதான், செயும் ஒருதான். நான் எதுப்பா? லேயா, செயா?

கொஞ்சம் இழுத்துச் சொன்னால், சே!

ஜூலை 13
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“அவர் பெட்டி கட்டறதுக்கு முன்னாடியே.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ எல்லாத்தையும் ஜோக்காக்கிடுவே.”

— நானா? நானா அல்வா கொடுத்தேன்? என் வாயைத்தான் எல்லாருக்கும் அடக்கணும்.

ஆகஸ்ட் 4
கட்டுரை அச்சாகிவிட்டது. ஒரு பிரதி தபாலில் வந்தது. கட்டுரை மட்டும்.

ஆகஸ்ட் 16
சின்ன வீடு பார்க்கப் போனோம். சமையலறையில் ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டும். வீட்டுக்காரர் சாவியை ஆட்டிக்கொண்டே, “மொத்தம் எத்தனை பேரும்மா?” என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

நாக்கு நுனியில் ஒரு ஜோக் இருந்தது. நல்ல ஜோக்.

“ரெண்டு பேர் சார்,” என்றேன்.