குளிர் அறையில் அரை மணி நேரம்

எடின்பரோ
17.1.1967

பிரியமுள்ள மாமாவுக்கு நாச்சியம்மாள் எழுதறேனுங்க. நீங்களும் அத்தையும் நம்ம பாப்பாவும் சுகந்தானுங்களா? நான் நல்லாத்தான் இருக்கறேன்.

ஊருக்கு வந்துபோக லீவு கேட்டேன். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாறு மாசம் இருக்குது, அதுவரை போக முடியாதுன்னு புரொபசர் சொல்லிப்போட்டார்.

ஆபரேஷனில் குழந்தைகளுக்கு எடுத்த டான்சில் தினமும் எங்க ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்துருது. அதை நறுக்கி, கம்பி வலையில் தேய்ச்சு, நோயை எதிர்க்கிற வெள்ளணுக்களைப் பிரிச்சு, கண்ணாடிக் குழாய்களில் ஊத்தி ஐஸில் வைக்கறது என் வேலை.

போன வாரம் அந்தக் குழாய்களோட குளிர் அறைக்குள்ளே போனேன். கதவு சாத்திக்கிச்சு, உள்பக்கக் கைப்பிடி திரும்பவே இல்லை. அரை மணி நேரந்தான், பயப்படாதீங்க. முதல்ல இங்கிலீஷில் கூப்பிட்டேன். அப்புறம் நாக்கு மரத்துப்போய், வாயில வந்ததைக் கத்தினேன். கூட்டிப் பெருக்கற மேரிதான் வந்து திறந்தாள்.

"ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்பிட்டியே, யாரது?" என்று கேட்டாள்.

உங்களைத்தானுங்க, என் ஊட்டுக்காரர்னு சொன்னேன். குழாயிலிருந்த அணுக்கள் அத்தனையும் உயிரோட இருந்துச்சுங்க.

பாப்பாவுக்கு அடிக்கடி தொண்டை கட்டுதுன்னு எழுதியிருந்தீங்க. பெருந்துறை டாக்டர்கிட்டக் காட்டுங்க. டான்சிலை எடுக்கோணும்னா, எனக்கு எழுதாம எடுக்க வேண்டாங்க.

அவளுக்குக் கவுன் வாங்கக் கடைக்குப் போனேன். எத்தனை உயரம்னு கேட்டாங்க. சொல்லத் தெரியாம வந்துட்டேன். தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு நூலில் அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள்ளே வச்சு அனுப்புங்க.

தபால் எடுக்கற நேரமாச்சுங்க.

உங்கள்
நாச்சியம்மாள்