முட்டாள் என்று பெயரிடப்பட்ட பறவை

20 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

பூநாரை முடிந்தது. ஃபீனிகோப்டெரஸ். கிரேக்கத்தில் செந்நிறச் சிறகு. நல்ல பெயர், ஒரே வரியில் எழுதிவிட்டேன். கல்பிட்டித் துறையடியில் பறவைச் சங்கத்தார் பலகைகள் வைக்கப்போகிறார்கள். விஞ்ஞானப் பெயர்களின் பொருளைத் தமிழில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சருக்கு இலத்தீனும் தெரியும் என்று யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும். அகராதியும் நானுமாக மல்லுக்கட்டுகிறோம்.

அடுத்தது கறுத்த ஆலா. இந்த மாதங்களில் நம் கடலைக் கடந்து போகும், கரைப்பக்கம் வராது. பெயர் அனோவுஸ் ஸ்டொலிடுஸ். அனோவுஸ் என்றால் கிரேக்கத்தில் புத்தியில்லாதது. ஸ்டொலிடுஸ் என்றால் இலத்தீனில் மந்தம், மடத்தனம். ஒரு மொழியில் ஏசியது போதாதென்று இரண்டு மொழியில் ஏசியிருக்கிறார்கள். அது செய்த குற்றம், மனிதரைக் கண்டு பயப்படாதது. கப்பலில் வந்து குந்துமாம். பிடித்தால் பிடிபடுமாம்.

காற்றால் தொழிலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற என் கணவர் ஜௌபரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நானும் அந்தச் சாதிதான் புள்ள. நீ பயந்து பயந்தே ப்ரொபெசராகிட்டாய்" என்றார்.

உண்மைதான். கல்யாணமான நாள் தொட்டு இந்தக் கடலுக்குப் பயந்தே என் பாதி உயிர் போய்விட்டது. காற்றடித்தால் பயம். காற்று நின்றால் இவர் போய்விடுவாரே என்று பயம்.

21 ஆகஸ்ட்

காற்று விழுந்துவிட்டது. நாளைக்குப் போகிறாராம்.

22 ஆகஸ்ட், வியாழன்

விடிய சுபஹுத் தொழுகையோடு போனார், மிஹ்லாரைக் கூட்டிக்கொண்டு. மிஹ்லார் இவருடைய போட்டில் பங்குக்குத் தொழில் செய்கிறவன். எங்களுக்கு உறவில்லை, ஆனாலும் அண்ணன், அக்கா போல இவரை நானா என்றும் என்னை ராத்தா என்றும்தான் கூப்பிடுவான். பகல் சோற்றுக்கு வந்துவிடுவோம் என்று சொன்னார்கள். பின்னேரத்து அஸர் பாங்கும் சொல்லியாகிவிட்டது. ஃபோன் வேலை செய்யவில்லை.

பொழுது பட்டு மஃரிபும் ஆகிவிட்டது. வராவிட்டால் - எழுதாதே பஸீஹா, அப்படியெல்லாம் எழுதாதே.

23 ஆகஸ்ட், வெள்ளி

எங்கள் பள்ளிக்கூடத்து இசபெல் டீச்சர் ஓடி வந்தா. அவவுடைய கணவரும் நேற்றுக் கடலில் இருந்திருக்கிறார். ஆலாக் கூட்டம் ஒன்றின் பின்னால் எங்கள் போட் மேற்கே போவதைக் கண்டாராம். "எங்கட ஆள் கை காட்டிக் கூப்பிட்டிருக்கிறார் டீச்சர். ஜௌபர் திரும்பிப் பாக்கல்லையாம்" என்றா.

எனக்கு விளங்கிவிட்டது. ஆலா வட்டமிடும் இடத்தில் கீழே மீன் நிற்கும். இங்கே எல்லோரும் அதைப் பார்த்துத்தான் போட்டை விடுவார்கள். ஆனால் இந்த மாதத்து ஆலா மீனுக்கு நிற்பதில்லை, ஊர் விட்டு ஊர் போகிறது. இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று நினைத்துத் துரத்தியிருப்பார். அதன் பயணத்துக்கு முடிவில்லை. போட்டில் இருக்கிற எண்ணெய்க்கு முடிவு இருக்கிறது.

நேவிக்குச் சொல்லியாகிவிட்டது. ஜும்ஆத் தொழுகையில் அவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டார்களாம்.

24 ஆகஸ்ட்

நேவி போட் வெறுங்கையோடு திரும்பியது.

25 ஆகஸ்ட்

வீடு நிறையப் பெண்கள். யாசீன் ஓதுகிறார்கள், தேத்தண்ணீர் குடிக்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். குசினிப் பக்கம் போகும்போது ஒருத்தி மற்றவளிடம் 'இத்தா' என்று குசுகுசுத்தது என் காதில் விழுந்துவிட்டது. இத்தாவா? எனக்கா? கணவன் மௌத்தாகி விதவையான பெண் இருக்கிற துக்கம்தானே இத்தா! அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

எதையாவது செய்ய வேண்டும் என்று அகராதியைத் திறந்தேன். இவர் துரத்திப் போன, கூட்டமாகக் கடந்து போகிற அந்த மற்ற ஆலாவின் பெயரையும் பார்த்தேன். அதற்கும் 'உணர்வற்றது' என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஏன் இந்தக் கடற்பறவைகளுக்கு மட்டும் இத்தனை ஏச்சு? தேடிப் போனால் பழைய காலத்து மாலுமிகளின் கதை வருகிறது. மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்கள் அவர்கள். பசி. பறவை தானாக வந்து பாய்மரக் கயிற்றில் குந்தியது. கையை நீட்டிப் பிடித்துத் தின்றார்கள். தின்றுவிட்டு, முட்டாள் என்றார்கள். படித்தவர்கள் அதைக் கேட்டு கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எழுதி வைத்தார்கள்.

அகராதியை மூடினேன். பிறகு தொழுகைப் பாயில் போய் உட்கார்ந்தேன். யா அல்லாஹ், ஒரு முட்டாளை அவர்களிடம் அனுப்பு.

27 ஆகஸ்ட்

ஏலாது. இனி எனக்கு ஏலாது. அங்க மழையாவது பெஞ்சிச்சா? குடிக்கத் தண்ணி இரிக்குமா? யார்ட்டப் போய்க் கேப்பன்?

28 ஆகஸ்ட்

சிலாபத்திலிருந்து ஃபோன் கோல் வந்தது. பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிற பெரிய போட் ஒன்று அவர்களைக் கண்டு ஏற்றி, எங்கள் போட்டையும் கட்டி இழுத்து வந்திருக்கிறது. ரெண்டு பேரும் உயிரோடு. ரெண்டு பேரும். அல்ஹம்துலில்லாஹ். எழுத்தெல்லாம் கோணுகிறது.

31 ஆகஸ்ட்

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, இனி அங்கே இருக்கத் தேவையில்லை என்று இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உதடு முழுக்க வெடிப்பு, கண் உள்ளே போய்விட்டது. பேச்சு இல்லை. கேட்டால் ஓம் என்பார், அல்லது இல்லை என்பார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

இவர் திரும்பி வந்தால் என்று வைத்த நேர்ச்சைக்காக என் கூடப்பிறந்த காக்கா இரண்டு சேவல் கொண்டுவந்தார். முற்றத்தில்தான் அறுத்தார். எப்போதும் போலக் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். அறுக்கிற பிராணி கத்தியைக் காணக் கூடாது, அது நம் வழக்கம். ஜௌபர் கதிரையிலிருந்து எழும்பினார். விழுந்துவிடுவாரோ என்று ஓடினேன். என்னைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். எத்தனை தட்டியும் திறக்கவில்லை.

கடல் இவரைத் திருப்பித் தந்துவிட்டதா, இல்லையா? எனக்குப் பயமாக இருக்கிறது.

5 செப்டெம்பர்

மிஹ்லாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மழை ஒருமுறை பெய்ததாம், குடிக்கத் தண்ணீர் கிடைத்ததாம். தூண்டிலில் எதுவும் படவில்லை. எழும்ப ஏலாமல் கிடந்தபோது கறுத்த ஆலா ஒன்று வந்து போட் விளிம்பில் குந்தியிருக்கிறது. பிறகு தானே நடந்து வந்து ஜௌபரின் முழங்காலில் ஏறி நின்றிருக்கிறது.

"கத்திய ஒளிக்க அங்க எடமில்ல ராத்தா. நானாட கையிலேயே இரிந்திச்சு. அது கத்தியப் பாத்திச்சு, பொறகு நானாட மொகத்தப் பாத்திச்சு. அசையல்ல."

பிஸ்மி சொல்லி அறுத்திருக்கிறார். பச்சையாகவே தின்றிருக்கிறார்கள். மறுநாள் இன்னொன்று வந்து குந்தியது. விரட்டுடா என்று ஜௌபர் கத்தினாராம். இவன் கையை வீசி விரட்டினானாம். அது போகவில்லை. கடைசியில் அதையும் இவர்தான் அறுத்தார், அழுதுகொண்டே.

ஒரு முட்டாளைத்தான் கேட்டேன். இரண்டு வந்திருக்கிறது.

அந்தத் துஆவைப் பற்றி இவரிடம் ஒருபோதும் சொல்லமாட்டேன். சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பாரோ தெரியாது.

12 செப்டெம்பர்

பலகை எழுத்தைக் கொடுத்துவிட்டேன். கறுத்த ஆலாவுக்கு 'அஞ்சாதது' என்று மெருகு பூசலாமா என்று யோசித்தேன். பெயரின் பொருளை மாற்ற நான் யார்? முட்டாள் என்றே எழுதினேன். 'பசித்திருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு வைத்த பெயர்' என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். சங்கத்தார் வெட்டினால் வெட்டட்டும்.

20 அக்டோபர், ஞாயிறு

காலையில் மிஹ்லார் வந்தான். கடல் தட்டுப் போலக் கிடக்கிறதாம், உப்புப் பிடித்துக் கிடந்த என்ஜினும் திருத்தியாகிவிட்டதாம். நானா வாறாரா என்று கேட்டான்.

நான் வாசலில் நின்றேன். கதவுக்குப் பின்னால் ஜௌபர். காற்று கொஞ்சம் விழுந்தாலே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி இறங்குகிற மனிதர், இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். வயிற்றைத் தொட்டுக் காட்டினார். கண்ணில் அப்படி ஒரு பயம். இவர் கடலுக்குப் போகக் கூடாது என்றுதானே இத்தனை வருடமும் அழுதேன்? இப்போது போகவில்லை. எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நானாக்கு வயித்துக் குத்து தம்பி" என்றேன். "நாளைக்கும் வரத் தேவல்ல."

மிஹ்லார் செருப்பை மாட்டிக்கொண்டான். சரி ராத்தா என்றுவிட்டுப் போனான்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் முந்தானையைப் பிடித்தது. தேத்தண்ணி ஊத்தோணும், விடுங்க என்றேன். விடவில்லை. நானும் இழுக்கவில்லை.