முளைப்பாரிப் படம்

பங்குனி 30, புதன்

பேச்சியம்மாளிடம் இன்று பொய் சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு வருசமும் அம்மன் கோயில் பொங்கல் முடிந்த மறுநாள், நான் எடுத்த படங்களைப் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்துவிடுவாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன அவள் புருசன் நாலு வருசமாகத் திரும்பவில்லை.

"எங்கன இருந்தாலும் பொங்கலுக்கு வராம இருக்கமாட்டாவ அண்ணாச்சி. கூட்டத்துல எங்கயாவது நிப்பாவ" என்பாள்.

இந்த வருசம் நிற்கிறான். அவள் முளைப்பாரி சுமந்து வரும் படத்தில், அவளுக்குப் பின்னால், பலூன் கடை ஓரமாக. தலையில் துண்டு கட்டியிருக்கிறான். கல்யாண ஆல்பத்தில் தெரியாமல் அழித்துவிடும்படி அவன் என்னிடம் கேட்ட அதே புருவத் தழும்பு. தோளில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி ஒருத்தி. சிரிக்கிறான், நாய்ப்பயல்.

காலையிலேயே அந்தப் படத்தை மட்டும் எடுத்து ஒளித்துவைத்தேன். மதியம் வந்தவள் மிச்சப் படங்களை முகம் முகமாகத் தேடினாள்.

"இல்லயே அண்ணாச்சி."

"இல்லம்மா."

"உசுரோட இருக்காவளோ என்னமோ" என்று எழுந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போகும்போது முளைப்பாரியோடு தன் படம் ஒன்று கேட்டாள். அவள் முகம் தெளிவாக விழுந்தது நான் ஒளித்துவைத்த அந்த ஒரு படத்தில்தான். அவளை மட்டும் வெட்டி எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்புட்டுக் கூட்டம் வந்துச்சே அண்ணாச்சி. இதுல நான் ஒத்தையில நிக்குதேன்."