கதவு இன்றைக்கு லீவு

ஜூன் 10

நானும் ஒரு குழு உறுப்பினர்! இனிமேல் பள்ளிக்கூடத்தில் எந்த முடிவையும் பெற்றோர், மாணவர், ஆசிரியர் எல்லோரும் சேர்ந்துதான் எடுப்பார்களாம். பெற்றோர் பக்கம் யார் வருகிறீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அடுத்து அவர், "முதல் வேலை, சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம்னு முடிவு பண்ணணும்" என்றார். பெயிண்டர் என்னை எதிரில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? கை தானாக மேலே போய்விட்டது.

மாணவர் பக்கம் பிரதிநிதி யார் என்றால், எங்கள் வீட்டு வாண்டு. ஆறாம் வகுப்பு. அப்பனும் மகளும் ஒரே மேசையில்!

"வீட்டுலயே ரெண்டு பேரும் யார் பேச்சையும் கேக்க மாட்டீங்க. அங்க போய் என்ன கிழிக்கப் போறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

ஜூன் 13

வாண்டு வீட்டுக் கழிவறைக்குள் போனால் ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடுகிறாள். வெளியே வரும்வரை நிறுத்துவதில்லை. கணீரென்ற குரல். என் பக்கத்தில் யாருக்கும் சங்கீதம் கிடையாது. மாமனார் பக்கத்தில் குறட்டைதான். பின் எங்கிருந்து வந்தது? பாட்டு டீச்சரிடம் சொல்லி வைத்தேன். "அனுப்புங்க, பாக்கலாம்" என்றார்.

ஜூன் 17

முதல் கூட்டம். நான் வெளிர் நீலம் என்றேன். இன்னொரு பெற்றோர் உறுப்பினரான பேக்கரிக்காரர் வெண்ணெய் மஞ்சள் என்றார். "ரெண்டு வெயில் அடிச்சா மஞ்சள் பல்லை இளிச்சிடும்" என்றேன். "உங்களுக்குப் பெயிண்டைப் பத்தித் தெரியும், எனக்குப் பசியைப் பத்தித் தெரியும். மஞ்சளைப் பாத்தா பிள்ளைங்க நல்லா சாப்பிடும்" என்றார். பள்ளிக்கூடமா, பேக்கரியா? விட்டேனா! கூட்டம் முழுக்க இதிலேயே போயிற்று.

வாண்டு வாயே திறக்கவில்லை. திரும்பும்போது கேட்டாள்.

"அப்பா, கூட்டத்துல குடுத்த பேப்பர்ல கடைசியா 'பிற'ன்னு போட்டிருந்துச்சே, அது என்ன?"

"மத்த விஷயம்னு அர்த்தம். நேரம் இருந்தா பேசுவாங்க."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல."

ஜூன் 20

தண்ணீர் பாட்டில் கொடுத்தபடியே திரும்பி வந்திருக்கிறது. "ஏண்டி, பாட்டிலுக்கு ஊரைச் சுத்திக் காட்டவா கொண்டு போற?" என்று வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். வாண்டு உம்மென்று, "இன்னைக்குக் கதவு லீவும்மா" என்றாள்.

கதவு என்பது அவள் தோழியின் பட்டப்பெயர். இதெல்லாம் ஒரு பேரா! எங்கள் காலத்தில் தவளை, சொட்டை என்று பொருத்தமாக வைப்போம்.

ஜூன் 24

இரண்டாம் கூட்டம். பேக்கரிக்காரர் தட்டு நிறைய மஞ்சள் பன் கொண்டுவந்தார். நிற மாதிரியாம்! தலைமையாசிரியை முதற்கொண்டு எல்லோரும் மாதிரியைத் தின்றுவிட்டு "நல்லாருக்கு" என்றார்கள். இதற்குப் பேர் லஞ்சம் இல்லாமல் வேறென்ன? (நானும் இரண்டு தின்றேன். அது ஆராய்ச்சி.)

'பிற' வருவதற்குள் மணி அடித்துவிட்டது. வாண்டு எழுந்து "மேடம், எங்க விஷயம்..." என்று இழுத்தாள். "அடுத்த வாரம் கண்டிப்பாம்மா" என்றார் அவர்.

வீட்டு வாசலில் வாண்டு, "அப்போ நாங்கதான் பிறவாப்பா?" என்றாள்.

சிரித்து மழுப்பினேன். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பன்னுக்குப் பதிலடி கொடுக்காமல் விட முடியுமா?

ஜூன் 30

பதிலடி கிடைத்துவிட்டது! நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னால் ஆசிரியர் கழிவறைக்கு வெளிர் நீலம் அடித்துக் காட்டப்போகிறேன். தலைமையாசிரியை சரி என்றுவிட்டார். வாண்டிடம் சொன்னதும் கண் விரிந்தது.

"கதவுக்கும் அடிப்பியா? காயுற வரைக்கும் யாரும் உள்ள போக முடியாதில்லப்பா?"

"கை வச்சா ஒட்டிக்கும்."

என்ன அக்கறை! தொழில் ரத்தத்தில் ஓடுகிறது.

ஜூலை 1

சிரிப்பதா, அழுவதா— முதலிலிருந்தே எழுதுகிறேன்.

வாண்டும் கதவும் கூட்டத்தில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். டம்ளர் காலியாகக் காலியாக ஊற்றினார்கள். "வெயில் மேடம், குடிங்க. அங்கிள், இன்னொரு டம்ளர்." எனக்கு ஒரே பெருமை. நீலமும் மஞ்சளும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தபோது தலைமையாசிரியை எழுந்து ஆசிரியர் கழிவறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஐயோ, அங்க ஈரப் பெயிண்ட்!"

"எங்களோடது இருக்கு மேடம்" என்றாள் வாண்டு.

மாணவிகள் கழிவறை கூட்ட அறைக்கு எதிரில்தான். அங்கிருந்தும் உடனே குரல் வந்தது. "என்ன இது, தாழ்ப்பாளே இல்ல!"

"போன வருஷத்துலேர்ந்தே இல்ல மேடம். இவதான் எனக்குக் கதவைப் பிடிச்சுப்பா. அதான் கதவுன்னு பேரு. இவ லீவு போட்டா நான் தண்ணியே குடிக்க மாட்டேன். முடியலன்னா உள்ள போய் வாய்ப்பாடு பாடணும். சத்தம் கேட்டா யாரும் திறக்க மாட்டாங்க."

ஏழாம் வாய்ப்பாடு. அந்தப் பழக்கம்தான் வீடு வரைக்கும் வந்திருக்கிறது. ஐயோ, என் சங்கீதம்!

தலைமையாசிரியைக்கு யோசிக்க அவகாசமில்லை. "சரிம்மா, நீ கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார். அந்தக் குட்டி பவ்யமாக, "நான் இன்னைக்கு லீவு மேடம்" என்றது.

உள்ளேயிருந்து, "ஏழொன்னு ஏழு..." எந்தக் குரலைக் கேட்டால் பள்ளிக்கூடமே நடுங்குமோ அந்தக் குரல் நடுங்கிற்று. ஏழெட்டில் நின்றுவிட்டது. "அம்பத்தாறு மேடம்!" என்று வெளியிலிருந்து இரண்டு குரல்கள் தூக்கி விட்டன.

எங்கள் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? பையன்கள் பக்கமும் தாழ்ப்பாள் கிடையாது. நான் கதவு, பேக்கரிக்காரர் பாட்டு. பிறகு அவர் கதவு, நான் பாட்டு. மனிதருக்கு மூன்றாம் வாய்ப்பாடே தடுமாறுகிறது.

மறுபடி உட்கார்ந்ததும் தலைமையாசிரியை சொன்னார்: "முதல்ல 'பிற'."

வெளிர் நீலத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

வழியில் கேட்டேன். "வேணும்னுதானே செஞ்சே?"

"நேரம் இருந்தா பேசுவாங்கன்னு நீதானேப்பா சொன்னே. அதான் நேரம் பண்ணிக்கிட்டோம்."

"என்கிட்ட வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

"நீதான் நீலத்துல இருந்தியே."

மூன்று கூட்டம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்ப் பாட்டு டீச்சரைப் பார்த்தேனே, நானெல்லாம் ஒரு அப்பன்!

ஜூலை 3

எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள். பேக்கரிக்காரர் பிடித்துக்கொண்டார், நான் திருகினேன்.

ஜூலை 8

இந்த வாரம் நிகழ்ச்சி நிரலை எழுதியது வாண்டு. கடைசி வரி: 'பிற - சுவர் நிறம் (நேரம் இருந்தால்).' நேரம் இல்லை.

ஜூலை 12

பாட்டில் தினமும் காலியாக வருகிறது. கதவு லீவு போட்டாலும் காலிதான். வீட்டில் சத்தமே இல்லை.

தெருவில் பாட்டு டீச்சர் பிடித்துக்கொண்டார். "பொண்ணை எப்ப அனுப்புறீங்க?"

"பாடுறதை விட்டுட்டா டீச்சர்."

"அடடா, ஏன்?"

"தாழ்ப்பாள் போட்டாச்சு" என்றேன், சந்தோஷமாக.

"பொண்ணுக்கா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுப் பக்கம் நடந்தார்.